வெளியே பழசு, உள்ளே புதுசு: ஆர்எக்ஸ் 100-ஐச் சத்தமில்லாமல் வேகமாக்குவது

பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 கைக்கு வந்ததும் பலரும் செய்கிற முதல் வேலை சைலன்சரை வெட்டுவது. தெருவே திரும்பிப் பார்க்கும், வண்டி மட்டும் முன்பைவிட மெதுவாகப் போகும். இந்தக் கட்டுரை அதற்கு நேர் எதிரான வேலையைப் பற்றியது. பெயிண்ட் மங்கி, பெட்ரோல் டேங்க் ஓரம் தேய்ந்து, அப்பா காலத்து வண்டியாகவே அது நிற்க வேண்டும். சத்தமும் கம்பெனிச் சத்தமாகவே இருக்க வேண்டும். ஆக்சிலேட்டரைத் திருகினால் மட்டும் வித்தியாசம் தெரிய வேண்டும்.

ஆர்எக்ஸ் 100-ஐ எடுத்துக்கொண்டதற்குக் காரணம், கொங்கு நாட்டில் இன்னும் நிறையப் புழங்கும் பழைய டூ-ஸ்ட்ரோக் (பெட்ரோலோடு ஆயிலையும் சேர்த்து எரிக்கும் எஞ்சின்) அது என்பதுதான். எஸ்கார்ட்ஸும் யமஹாவும் சேர்ந்து 1985-இல் கொண்டுவந்து, 1996 வரை தயாரித்த வண்டி. 98 சிசி, போர் (சிலிண்டரின் விட்டம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) 50 மி.மீ., 11 குதிரைத்திறன், நான்கு கியர், எடை சுமார் 100 கிலோ. இவ்வளவு லேசான வண்டிக்கு 11 குதிரை என்பதுதான் அதன் பிக்கப்பின் ரகசியம். வேறு மாயம் ஒன்றுமில்லை.

ஆனால் அந்த 11 ஷோரூமை விட்டு வந்த நாளின் கணக்கு. முப்பது வருடம் ஓடி, கிடைத்த பிஸ்டனைப் போட்டு, கார்பரேட்டரில் கிடைத்த ஜெட்டை (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளையுள்ள திருகு) மாட்டி, ஒவ்வொரு கை ஒவ்வொரு விதமாகத் திருகிய எஞ்சினில் அதில் எத்தனை மிச்சம் இருக்கும்? அதனால் முதல் வேலை தொலைந்துபோன குதிரைகளைத் திரும்பப் பிடிப்பது. அதற்கு மேல் சேர்ப்பது அரைக் குதிரையோ ஒரு குதிரையோதான். என் அனுபவத்தில், ஓட்டுபவருக்குத் தெரியும் வித்தியாசத்தில் பெரும் பங்கு முதல் வேலையிலிருந்துதான் வருகிறது. அந்த வேலைக்கு வேண்டியது விலையுயர்ந்த பாகமல்ல, சரியான அளவு.

அளவு விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். மில்களுக்கும் பம்ப்செட்டுகளுக்கும் பாகம் செய்து வளர்ந்த ஊர் கோயம்புத்தூர். ஆவாரம்பாளையம், கணபதி, பீளமேடு பக்கம் நடந்தால் நூறில் ஒரு மில்லிமீட்டரைப் பற்றி டீ குடித்துக்கொண்டே பேசும் டர்னர்கள் கிடைப்பார்கள். ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் பார்த்த ஜி.டி. நாயுடுதான் பிறகு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். பிரித்துப் பார்ப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

முதலில் காகிதம்

வண்டியைப் பார்க்கும் முன் ஆர்.சி.யைப் பாருங்கள். எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆர்.சி.யில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஆர்எக்ஸ் 100-இன் எண்கள் 1எல்1 என்று தொடங்கும். கிராங்க்கேஸில் (எஞ்சினின் அடிக்கூடு) எண் இருக்கும் இடம் தேய்க்கப்பட்டிருந்தாலோ, எழுத்துகள் கோணலாகப் பொறிக்கப்பட்டிருந்தாலோ, விலை எவ்வளவு குறைவானாலும் விட்டுவிடுங்கள்.

தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அப்புறம் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். இந்த வண்டிகள் எல்லாமே அந்த வரம்பைத் தாண்டியவை. "எஃப்.சி. எடுத்துக்கலாமுங்க" என்று விற்பவர் சொன்னால், அந்தத் தகுதிச் சான்றை அவரையே எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். கட்டணம் அடிக்கடி மாறுவதால் அன்றைய தொகையை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. விளம்பரங்களில் "விண்டேஜ்" என்று எழுதுவதை நம்பாதீர்கள். 2021-இல் வந்த மத்திய விதிப்படி 50 ஆண்டைத் தாண்டியதுதான் விண்டேஜ். எந்த ஆர்எக்ஸும் இன்னும் அந்த வயதைத் தொடவில்லை.

எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதும் இங்கேயே முடிவாகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் சேர்த்த 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஆர்எக்ஸ் 135-இன் சிலிண்டரை 100-இல் ஏற்றுவது நம் ஊரில் பழைய வித்தை. ஸ்ட்ரோக் இரண்டிலும் 50 மி.மீ. தான், 135-இன் போர் 58 மி.மீ. கிராங்க்கேஸின் வாயைக் கடைந்துவிட்டால் உட்கார்ந்துவிடும். நான் அதைச் சொல்லித்தரப் போவதில்லை. 98 சிசி என்று பதிந்த வண்டி 132 சிசி ஆவது சட்டத்தின் முன் வேறு வண்டி. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பிடிப்பதும் அதைத்தான். தவிர, அசல் கிராங்க்கேஸை ஒருமுறை கடைந்தால் கடைந்ததுதான். கம்பெனியே அனுமதித்த ரீபோர் (தேய்ந்த சிலிண்டரைச் சற்றே கடைவது) அளவுகளுக்குள் நின்று, 98 சிசியைச் சரியாக வேலை செய்ய வைப்பதே நம் வேலை.

வாங்கும்போது

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். விற்பவர் முன்பே சூடேற்றி வைத்திருந்தால் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். கிக்கரைக் கையால் அழுத்தி, கம்ப்ரஷன் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டார்ட் ஆனபின் இரண்டு விஷயங்களைக் கவனித்தால் போதும்.

நீலம் கலந்த லேசான புகை டூ-ஸ்ட்ரோக்குக்கு இயல்பு. சூடான பிறகும் கெட்டியான வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, கியர் ஆயிலும் குறைந்துகொண்டே போனால், கிளட்ச் பக்கத்தில் கிராங்க்கின் (எஞ்சினின் சுழலும் தண்டு) ஆயில் சீல் போய், எஞ்சின் கியர் ஆயிலைக் குடிக்கிறது. மாறாக ஐடில் தானாக ஏறி, ஆக்சிலேட்டரை விட்டாலும் இறங்க மறுத்து, பிளக் வெள்ளையாக இருந்தால், மேக்னட் (மின்சாரம் தரும் காந்தச் சக்கரம்) பக்கத்து சீல் வழியாகக் காற்று உள்ளே போகிறது. இரண்டாவதுதான் ஆபத்தானது. காற்று கூடினால் கலவை மெலியும், மெலிந்தால் சூடேறும், ஒருநாள் ஓடும்போதே பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். இரண்டுமே சரிசெய்யக்கூடியவை என்பதால் வாங்கலாம். விலையைக் குறைத்துப் பேசவும் காரணம் கிடைத்தது.

"ஜப்பான் எஞ்சினுங்க தம்பி, திறக்கவே இல்ல" என்ற வசனத்தைக் கேட்காமல் நீங்கள் ஓர் ஆர்எக்ஸ் வாங்க முடியாது. சிரித்துவிட்டு ஹெட் நட்டுகளைப் பாருங்கள். மூலை தேய்ந்திருந்தால் திறந்திருக்கிறார்கள்.

எஞ்சினுக்கு முன் பிரேக்

வேகத்தைக் கூட்டும் முன் நிறுத்தும் திறனைக் கூட்டுங்கள். அசல் வண்டியில் இரண்டு பக்கமும் டிரம்தான். டிஸ்க் மாட்டினால் வேஷம் கலைந்துவிடும், 52-ஆம் பிரிவும் வரும். டிரம்மையே நன்றாக வேலை செய்ய வைக்கலாம். வீலோடு லேத்தில் கட்டி டிரம்மின் உட்புறத்தை வட்டம் பார்த்து, மிகக் குறைவாகக் கடைந்துவிடுங்கள். புது ஷூவைப் போட்டதும் டிரம்மில் சாக்பீஸ் தடவிச் சுற்றி, எங்கே ஒட்டுகிறதென்று பார்த்து, மேடான இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேயுங்கள். கேம் பின்னைக் கழற்றி, துருவைச் சுத்தம் செய்து, கொஞ்சமாக கிரீஸ் வையுங்கள். பிரேக் முழுதாகப் பிடிக்கும் நிலையில் வெளியே உள்ள கைக்கும் கேபிளுக்கும் இடையே 90 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவான கோணம் இருக்க வேண்டும். கை அதற்கு மேல் சாய்ந்து நின்றால் விரல் வலிக்குமே தவிர பிரேக் பிடிக்காது. கேபிளைப் புதிதாகவே வாங்குங்கள்.

அப்புறம் ஹேண்டில் கோன்செட், ஸ்விங் ஆர்ம் புஷ், வீல் பேரிங், ஃபோர்க் ஆயிலும் சீலும். கோன்செட்டில் பால்ஸுக்குப் பதில் டேப்பர் ரோலர் போட்டால் வளைவில் வண்டி நூல் பிடித்தாற்போல் போகும், வெளியே யாருக்கும் தெரியாது. ஸ்போக்குகளை இறுக்கி ரிம்மின் கோணலை எடுங்கள். இவ்வளவும் முடித்து, பழைய எஞ்சினோடே ஓட்டிப் பாருங்கள். வண்டி லேசாகிவிட்டது போல இருக்கும். இறுகிய பேரிங்கும் உராயும் ஷூவும் தின்ற சக்தி திரும்பி வந்ததுதான் அது.

பிரிப்பது

எஞ்சினை இறக்குவதற்கு முன் ஒவ்வொரு வயரையும் கேபிளையும் போனில் படம் எடுங்கள். ஒவ்வொரு பகுதியின் நட்டு போல்ட்டையும் தனித்தனிக் கவரில் போட்டுப் பேர் எழுதுங்கள். மேக்னட்டைக் கழற்ற அதற்கான புல்லர் வேண்டும். சுத்தியால் தட்டிக் கழற்றினால் கிராங்க் வளையும், காந்தமும் வலுவிழக்கும். பிலிப்ஸ் ஸ்க்ரூக்கள் இறுகியிருந்தால் இம்பேக்ட் டிரைவரால் ஒரு தட்டு. வெர்னியர், ஃபீலர் கேஜ், டார்க் ரென்ச் மூன்றையும் சொந்தமாக வாங்குங்கள். போர் டயலும் மைக்ரோமீட்டரும் லேத் பட்டறையில் இருக்கும்.

கிராங்க்

புதியவர்கள் பிஸ்டனில் செலவழித்துவிட்டு கிராங்க்கில் மிச்சம் பிடிப்பார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். நேராக ஓடாத கிராங்க்கின் மேல் எவ்வளவு நல்ல போரைப் போட்டாலும் பேரிங்கும் சீலும் சீக்கிரம் போய்விடும், அதிர்வில் கைகள் மரத்துப்போகும்.

கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். அந்தத் திசையில் துளிகூட ஆட்டம் இருக்கக்கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் வேண்டும். மேல்கீழ் ஆட்டம் இருந்தால் ராடு கிட் மாற்ற வேண்டும். இந்தக் கிராங்க் இரண்டு வட்டுகளை ஒரு பின்னில் அழுத்திச் சேர்த்தது. பிரஸ்ஸில் பிரித்து, புதுப் பின், புது பிக் எண்ட் பேரிங், புது ராடு போட்டுத் திரும்ப அழுத்த வேண்டும். அழுத்துவது எளிது, நேராக்குவதுதான் வித்தை. இரண்டு சென்டர்களுக்கு இடையே நிறுத்தி, இரு முனைகளிலும் டயல் கேஜ் வைத்துச் சுற்றும்போது முள் 0.03 மி.மீ.-க்கு மேல் ஆடக்கூடாது. நல்ல ஆள் அதற்கும் பாதிக்குக் கொண்டுவந்து தருவார். "டயல் வெச்சுக் காட்டுங்கண்ணா" என்று கேளுங்கள். கோபித்துக்கொள்கிற பட்டறை உங்களுக்கு வேண்டாம்.

மெயின் பேரிங் வாங்கும்போது சி3 என்று கேட்டு வாங்குங்கள். சூட்டில் விரிவதற்கு உள்ளே கூடுதல் இடைவெளி வைத்த பேரிங் அது. பெயர் தெரியாத மலிவுப் பேரிங்கில் லாபம் பார்க்காதீர்கள். போடும் முன் கிராங்க்கேஸைச் சுமார் 100 டிகிரிக்குச் சூடாக்குங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சுரீரென்று ஓடும், அதுதான் அளவு. பேரிங்கை முதல்நாள் இரவே ஃப்ரீசரில் வைத்திருந்தால் சுத்தி இல்லாமலே தானாக உட்காரும். ஃப்ரீசரில் வைக்கும் முன் வீட்டில் சொல்லிவிடுவது நல்லது.

சிலிண்டர்

பிஸ்டன் 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்ற ஓவர்சைஸ்களில் வரும். கடைசி அளவுக்குப் போனாலும் 102 சிசிதான். ஆக ரீபோரால் சக்தி ஏறாது, பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே கசிவுதான் அடைபடும். எத்தனை முறை ரீபோர் ஆனது என்று பழைய பிஸ்டன் தலையில் உள்ள எண்ணிலிருந்து தெரியும். இருக்கும் தேய்மானம் போகிற மிகச் சிறிய அளவையே தேர்ந்தெடுங்கள். அடுத்த தலைமுறைக்கும் கொஞ்சம் இரும்பு மிச்சம் இருக்கட்டும்.

பட்டறைக்குப் பிஸ்டனோடு போங்கள். நான் போகும் இடத்தில் டர்னர் அண்ணன், "பிஸ்டனக் குடுக்காம போர் அடிக்கச் சொன்னா நான் தொடறதில்லீங்க" என்பார். அவர் சொல்வதுதான் முறை. ஒரே அளவு என்று பெட்டியில் போட்டிருந்தாலும் பிஸ்டனுக்குப் பிஸ்டன் நூலிழை வேறுபடும். பிஸ்டனை அதன் பாவாடையில், பின்னுக்குக் குறுக்காக மைக்ரோமீட்டரால் அளந்து, அதோடு கம்பெனி சொல்லும் இடைவெளியைக் கூட்டி, அந்த அளவுக்குப் போரைக் கொண்டுவர வேண்டும். இந்த அளவு எஞ்சினில் அது மில்லிமீட்டரில் நூறில் நான்கைந்து பங்கு. இறுக்கினால் பிடிக்கும், தளர்த்தினால் கடகடக்கும். போரிங் முடிந்து ஹோனிங்கில் குறுக்குக்கோடு விழ வேண்டும், ஆயில் நிற்பது அந்தக் கோடுகளில்தான். ரிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் நேராக இறக்கி, அதன் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். சுமார் 0.2 மி.மீ. இருந்தால் நிம்மதி.

ரீபோர் ஆனதும் எல்லா போர்ட்டுகளின் (சிலிண்டர் சுவரில் உள்ள துளைகள்) விளிம்பும் கத்தி போல் கூராகியிருக்கும். சின்ன அரத்தால் அந்த விளிம்பை மழுக்க வேண்டும். இதை மறந்த பட்டறைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ரிங் அந்த விளிம்பில் மாட்டி முறிந்தால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

இனி மறைந்திருக்கும் வேகத்தின் முதல் பகுதி. கிராங்க்கேஸிலிருந்து சிலிண்டருக்குப் போகும் டிரான்ஸ்ஃபர் வழிகள் கேஸும் சிலிண்டரும் சேரும் இடத்தில் பொருந்தாமல் படி படியாக இருக்கும். தொழிற்சாலை வார்ப்பில் அது சகஜம். புது அடி பேக்கிங்கைக் கேஸின் மேல் வைத்துக் கோடு போடுங்கள், அதையே திருப்பிச் சிலிண்டரின் அடியிலும் வையுங்கள். கோட்டுக்கு உள்ளே நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் மெதுவாக அராவி எடுங்கள். பேக்கிங் வழியை மறைத்தால் அதையும் பிளேடால் வெட்டுங்கள். வழிக்குள் இருக்கும் வார்ப்பு முடிச்சுகளை நீக்கினால் போதும், கண்ணாடிபோல் பளபளக்க வைக்க வேண்டியதில்லை. கிராங்க்கேஸுக்குள் துணி அடைத்துவிட்டு வேலை செய்யுங்கள்.

எக்ஸாஸ்ட் போர்ட்டின் உயரத்தைத் தொடாதீர்கள். அதை உயர்த்தினால் உச்ச ஆர்.பி.எம்.மில் சக்தி கூடும் என்பது உண்மைதான், கீழே இழுவை செத்துவிடும் என்பதும் உண்மை. நாம் ஓட்டப்போவது காந்திபுரம் சிக்னலிலும் சத்தி ரோட்டிலும். பாதி ஆக்சிலேட்டரில் இழுக்கும் வண்டிதான் சத்தமில்லாத வண்டி.

ஹெட்

ஹெட்டின் ஓரப் பட்டைக்கும் பிஸ்டன் உச்சிக்கும் உள்ள இடைவெளி கம்பெனி வண்டிகளில் தாராளமாக இருக்கும். அதைக் குறைத்தால் கலவை நடுவில் வேகமாகத் திரண்டு நன்றாக எரியும். அளக்க ஈயப் பற்றுக்கம்பி போதும். பிஸ்டன் பின் இருக்கும் திசையில் இரு ஓரத்திலும் கம்பியை கிரீஸால் ஒட்டி, ஹெட்டை முழுதாக இறுக்கி, கிராங்க்கை ஒருமுறை மேலே கடத்துங்கள். நசுங்கிய கம்பியின் தடிமன்தான் இடைவெளி. 1.5 மி.மீ. வந்தால் ஹெட்டின் முகத்தை லேத்தில் 0.3 அல்லது 0.4 சீவலாம். 1 மி.மீ.-க்குக் கீழே புதியவர்கள் போகக் கூடாது. ஹெட்டைச் சீவினால் கம்ப்ரஷனும் ஏறும். மேட்டில் முழு ஆக்சிலேட்டரில் கணகணவென்று உலோகச் சத்தம் கேட்டால் அளவு மிஞ்சிவிட்டது, பேக்கிங்கைத் தடிமனாக்குங்கள்.

காற்று நிற்கிறதா?

எஞ்சினைக் கட்டியதும் ஃப்ரேமில் ஏற்றும் முன் இந்தச் சோதனையைச் செய்யாமல் விடாதீர்கள். எக்ஸாஸ்ட் வாயை ரப்பர் தகட்டால் அடைத்து, கார்பரேட்டர் வாயில் குழாய் வைத்த கார்க்கைச் செருகி, பிஸ்டனைக் கீழே இறக்கிக் காற்றடிக்க வேண்டும். இதற்குப் பழைய ரத்த அழுத்தக் கருவியின் பந்தும் மீட்டரும் அருமையாகப் பொருந்தும். 300-க்கு ஏற்றினால் ஏறக்குறைய 6 பி.எஸ்.ஐ. ஐந்து நிமிடம் முள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். இறங்கினால் சோப்புத் தண்ணீரைத் தடவி, எங்கே குமிழி வருகிறதென்று பாருங்கள். கேஸின் இரு பாதிகள் சேரும் கோடு, அடி பேக்கிங், மேக்னட் பக்க சீல், பிளக் வாஷர் என்று எதுவாகவும் இருக்கலாம்.

கார்பரேட்டர், ரீட், பெட்ரோல்

பெரிய கார்பரேட்டர் வேண்டாம். அசல் மிகுனியே இந்த எஞ்சினுக்குப் போதும், ஆனால் தேய்ந்த ஸ்லைடும் நீடில் ஜெட்டும் மாற்றப்பட வேண்டும். எந்த நிலையில் எது வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். ஆக்சிலேட்டர் மூடியிருக்கும்போதும் சற்றே திறக்கும்போதும் ஸ்லோ ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். அடுத்துக் கால் வரை ஸ்லைடின் வெட்டு. காலிலிருந்து முக்கால் வரை நீடில். அதற்கு மேல் மெயின் ஜெட். எந்த இடத்தில் திணறுகிறதோ அதற்குரியதை மட்டும் தொடுங்கள், ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்.

ரீட் வால்வின் (கலவையை உள்ளே மட்டும் விடும் இதழ் வால்வு) இதழ்களை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மூடியபோது ஒளி தெரியாமல் உட்கார வேண்டும். ஓரம் உடைந்திருந்தால் உடனே மாற்றுங்கள், அந்தத் துண்டு உள்ளேதான் போகும். ஸ்டீல் இதழுக்குப் பதில் ஃபைபர் இதழ் போட்டால் சின்னத் திறப்பிலேயே எஞ்சின் சட்டென்று பதில் சொல்லும். இது மறைந்த வேகத்தின் இரண்டாம் பகுதி, செலவும் குறைவு. ஏர் ஃபில்டர் பெட்டி அப்படியே இருக்கட்டும். கூம்பு வடிவ ஃபில்டர் சத்தத்தைத்தான் கூட்டும். பல்லடம் பக்கத்துப் பஞ்சுத் தூசிக்கும் தோட்டத்து மண் பாதைக்கும் அது ஆகாது.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1985-இல் யாரும் அதை நினைத்துப் பார்க்கவில்லை. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் கலவை மெலிகிறது. பழைய மேனுவல் அளவிலேயே ஜெட் வைத்துவிட்டு "கரெக்டாத்தானே இருக்கு" என்று ஓட்டிப் பிஸ்டனைப் பிடிக்க வைத்தவர்கள் உண்டு. மெயின் ஜெட்டை ஓரிரண்டு அளவு பெரிதாக்கித் தொடங்குங்கள், பிறகு இறங்கலாம். பெட்ரோல் பைப், ஃப்ளோட் நீடில், டேப் வாஷர் எல்லாம் எத்தனாலைத் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், வாரக்கணக்கில் பாதி டேங்கோடு நிறுத்தினால் அடியில் தண்ணீர் பிரிந்து துரு பிடிக்கும்.

சைலன்சரும் ஆயிலும்

டூ-ஸ்ட்ரோக்கில் சைலன்சர் எஞ்சினின் ஒரு பாகம். அதன் உள்வடிவம் அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, வெளியேறப் பார்க்கும் புதுக் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. வெட்டினால் அந்த அலை போச்சு. அசல் சைலன்சர் கிடைத்தால் துருவோடானாலும் வாங்குங்கள். செய்ய வேண்டியது கார்பனை எடுப்பது மட்டும். உள்குழலைத் தனியாக எடுத்து எரித்துத் தட்டினால் உதிர்ந்துவிடும். முன்பகுதிக்குக் காஸ்டிக் சோடா ஊற வைக்கலாம். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சோடாவைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். அலுமினியத்தின் மேல் ஒரு சொட்டும் படக்கூடாது.

எஞ்சினுக்கு ஆயிலைத் தனியாக அனுப்பும் ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு பெட்ரோலிலேயே கலந்து ஓட்டுவது ஒரு ஃபேஷன். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆழியாறிலிருந்து வால்பாறை போய், 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஆக்சிலேட்டரை மூடிக்கொண்டு இறங்கும்போது என்ன நடக்கிறது? எஞ்சின் வேகமாகச் சுழல்கிறது, பெட்ரோல் ஏறக்குறைய வருவதில்லை, பெட்ரோலில் கலந்த ஆயிலும் அதனோடு நின்றுவிடுகிறது. பம்ப் இருந்தால் எஞ்சின் சுழலும்வரை கொஞ்சமாவது ஆயில் போய்க்கொண்டிருக்கும். பம்பைச் சுத்தம் செய்து, குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் எடுத்து, கேபிளைப் பம்பில் உள்ள குறிக்கு நேராக வைத்தால் நம்பலாம். கலந்துதான் ஓட்டுவேன் என்றால், இறக்கத்தில் அவ்வப்போது கிளட்சைப் பிடித்து ஒரு திருகு திருகுங்கள். டூ-ஸ்ட்ரோக் ஆயில் ஜாசோ (ஜப்பானிய ஆயில் தரம்) எஃப்சி அல்லது எஃப்டி தரமாக இருக்கட்டும்.

பல் கணக்கு

முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைப்பது, பின்னால் ஏறக்குறைய மூன்று பல் கூட்டுவதற்குச் சமம். பிக்கப் ஏறும், டாப் ஸ்பீடு இறங்கும். மலைப் பக்கம் இருப்பவர்களுக்கு முன்னால் ஒரு பல் குறைவு நன்றாக இருக்கும். கோவை, திருப்பூர், ஈரோடு என்று சமவெளியில் ஓட்டுபவர்கள் அசல் கணக்கிலேயே விடலாம்.

ரன்னிங்-இன், பிறகு ஜெட்

முதல் டேங்கில், பம்ப் இருந்தாலும், லிட்டருக்கு 20 மில்லி ஆயில் கூடுதலாகக் கலந்துகொள்ளுங்கள். முதல் நாள் ஸ்டார்ட் செய்து சூடானதும் அணைத்து, முழுதாக ஆறவிட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். இப்படி இரண்டு மூன்று சுற்று. எஞ்சின் ஆறியபின் ஹெட் நட்டுகளைக் குறுக்குக்குறுக்காக டார்க் ரென்ச்சால் இன்னொரு முறை பாருங்கள். முதல் 500 கி.மீ. வரை பாதி ஆக்சிலேட்டருக்கு மேல் வேண்டாம். டாப் கியரில் முக்க வைப்பதும் வேண்டாம். சிறுவாணி ரோடு மாதிரி ஏற்ற இறக்கமான, கூட்டமில்லாத பாதை இதற்கு ஏற்றது. ஒரே வேகத்தில் பைபாஸில் ஓட்டுவதைவிட இது நல்லது.

அப்புறம்தான் மெயின் ஜெட்டை முடிவு செய்ய வேண்டும். புதுப் பிளக் போட்டு, நேரான வெறும் சாலையில் மூன்றாம் கியரில் முழு ஆக்சிலேட்டரில் சிறிது தூரம் போய், கிளட்சைப் பிடித்து எஞ்சினை உடனே அணைத்து ஓரம் கட்டுங்கள். பிளக்கின் பீங்கான் பழுப்பாக இருந்தால் சரி. வெள்ளையாக இருந்தால் ஜெட்டைப் பெரிதாக்குங்கள். கறுப்பாக ஈரமாக இருந்தால் சிறிதாக்கலாம். முழு வேகத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்பவர்களுக்குச் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, அவினாசி ரோடு அதற்கானதல்ல.

ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்றைக் கணக்கில் எடுங்கள். அந்த நாட்களில் பொள்ளாச்சியிலிருந்து மேற்கே போனால் எதிர்காற்றில் முக்கால் ஆக்சிலேட்டருக்குக் கீழே இறக்கவே முடியாது. மற்ற மாதங்களில் சரியாக இருந்த ஜெட் அங்கே போதாமல் போகலாம். அரை அளவு தாராளமாக வைப்பது புத்திசாலித்தனம், மைலேஜில் போவது கொஞ்சம்தான்.

ஊட்டிக்கு ஏறினால் கதை தலைகீழ். கோவை கடல்மட்டத்திலிருந்து 411 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். அங்கே காற்று கோவையைவிடச் சுமார் ஆறில் ஒரு பங்கு மெலிது, கலவை கெட்டியாகி வண்டி இருமும். மாலையே இறங்குவதாக இருந்தால் எதையும் தொட வேண்டாம், இருமலோடே ஓட்டுங்கள். நாலைந்து நாள் தங்குவதாக இருந்தால் மெயின் ஜெட்டை ஓர் அளவு சிறிதாக்கி, பெரியதை ஒரு சின்ன டப்பாவில் போட்டு டூல் பாக்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். ஊட்டியை விட்டுக் கிளம்பும் முன்பே அதைத் திரும்ப மாட்டிவிடுங்கள். சின்ன ஜெட்டோடு மேட்டுப்பாளையம் இறங்கி, சமவெளிச் சாலையில் முழு ஆக்சிலேட்டரைத் திருகினால், அன்னூர் தாண்டுவதற்குள் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.